மலையை வழிபடச் சொன்னவன்

ஸ்ரீ:



 ஆண்டு முழுவதும் நாங்கள் செய்யும் நித்திய ஆராதனத்தில் மந்திரம் குறைந்திருக்கலாம், கிரியை குறைந்திருக்கலாம், காலம் தப்பியிருக்கலாம். அறிந்தும் அறியாமலும் நேர்ந்த அக்குறைகள் நீங்கும்பொருட்டுப் பெருமாளுக்குப் பவித்ரம் சாத்தி, க்ஷமிக்க வேண்டுமென்று விண்ணப்பிக்கும் விழா பவித்ரோத்ஸவம். ஆகவே இம்மலரில் கட்டுரை எழுதும்படி பணிக்கப்பட்டபோது, குறைகளைப் பற்றியே எழுதுவது பொருத்தம் என்று அடியேனுக்குத் தோன்றிற்று. அடியேன் சொல்லப்போகும் குறை மந்திரத்தில் நேர்ந்ததன்று. மலைக்கும் மண்ணுக்கும் மழைநீர் ஓடும் வழிக்கும் நாம் செய்து வரும் குறை அது.

ரமணாசிரமப் பகுதியில் வசிப்பவர்களுக்கு அருணாசல மலை அடுத்த வீட்டுக்காரரைப் போன்றது. விடியற்காலையில் கதவைத் திறந்தால் முதலில் தெரிவது அதுவே. சைவர்களுக்கு அது சிவஸ்வரூபம். 1896-இல் இவ்வூருக்கு வந்த ரமண மகரிஷி, பின்னர் விரூபாக்ஷ குகையிலும் ஸ்கந்தாசிரமத்திலும் பல்லாண்டுகள் உறைந்து, அம்மலையையே குருவாகக் கொண்டார். வைஷ்ணவனான அடியேனுக்கோ, எம்பெருமான் கோவர்த்தனத்தை வழிபடச் சொன்ன நாளிலிருந்து எந்த மலையும் வெறுங்கல் அன்று. வழிபடும் முறையில் வேறுபாடு உண்டு. அதன் நிழலில் வாழ்கிறோம் என்பதில் வேறுபாடு இல்லை.

அந்த மலைதான் 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் மாலை சரிந்தது.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30-ஆம் நாள் இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னரும் அது விரைந்து நீங்காமல், நின்று நின்று பெய்தது. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. மறுநாள் ஊத்தங்கரையிலும் ஏறத்தாழ அதே அளவு. ஒரு பருவத்திலே பெய்ய வேண்டியதில் பெரும் பங்கு ஒரு பகல் ஓரிரவில் கொட்டிற்று. திருவண்ணாமலையில் வ.உ.சி. நகரின் மேற்புறத்து மலைச்சரிவில் ஊறிப்போன மண்ணும் பாறையும் பெயர்ந்து அடிவாரத்து வீட்டின் மேல் வீழ்ந்தன. அவ்வீட்டில் இருந்த ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள்.

அதன் பின் சில நாட்கள், ஸந்நிதிக்கு வந்தவர்கள் பேசிய பேச்சுக்களில் ஒன்று அடியேனின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. "மலை கோபித்துக்கொண்டது, அவரவர் கர்மா" என்றார்கள். அன்பர்களே! தயைகூர்ந்து அவ்வாறு சொல்லாதீர்கள். பிறர் துன்பத்திற்குக் காரணம் கற்பிப்பதற்காக நமக்குக் கர்ம சித்தாந்தம் சொல்லப்படவில்லை. தன் துன்பத்தைத் தாங்கிக்கொள்ளவும், தன் செயலைத் திருத்திக்கொள்ளவுமே அது சொல்லப்பட்டது. மண்ணுக்குள் அகப்பட்ட குழந்தையின் கர்மாவை ஆராய நாம் யார்? நாம் ஆராய வேண்டியது நம்முடைய கர்மாவை. அதாவது, நாம் செய்ததையும் செய்யத் தவறியதையும்.

மலை ஏன் சரிந்தது என்று கேட்பது நாத்திகமாகாது. பாறையின் மேல் மெல்லிய போர்வைபோல் மண் படிந்திருக்கிறது. மரங்களும் புதர்களும் வேரோடி அம்மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மழைநீர் மண்ணின் துளைகளில் நிரம்பும்போது அதன் பாரம் ஏறுகிறது. மண்ணுக்கும் பாறைக்கும் உள்ள பிடிமானம் தளர்கிறது. வேர் இல்லாத இடத்தில் அப்பிடிமானம் எளிதில் விட்டுப்போகும். அடிவாரத்தை வெட்டிச் சமன்படுத்தியிருந்தால், மேலே உள்ள மண்ணுக்குத் தாங்குதலும் இல்லை. கோடையில் யாரோ அலட்சியமாக இட்ட நெருப்பு காய்ந்த புல்லைப் பற்றி மலையை எரிக்கிறது. எரிந்து மொட்டையான சரிவில் ஐப்பசியில் மழை விழுகிறது. சித்திரையில் செய்த பிழைக்குக் கார்த்திகையில் பலன் வருகிறது.

இதற்கு மேல் இக்காலத்திற்கே உரிய ஒன்றும் சேர்ந்துள்ளது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகையால் பூமி முழுவதும் வெப்பம் ஏறியிருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. கடலும் சூடேறுகிறது, அச்சூட்டையே புயல் உணவாக உண்கிறது. ஆகையால் மழை பெய்யாத நாட்கள் நீளுகின்றன. பெய்யும் நாளில் ஒரேயடியாகக் கொட்டுகிறது. நம் முன்னோர் கட்டிய கால்வாய்களும் மதகுகளும் அவர்கள் கண்ட மழைக்கு அளவெடுத்துக் கட்டப்பட்டவை. இன்று பெய்யும் மழை அந்த அளவை மீறுகிறது. அவற்றையும் நாம் தூர்த்துவிட்டோமென்றால் மிஞ்சுவது என்ன?

இங்கே கோவர்த்தன வைபவத்தைச் சிறிது சிந்திப்போம். ஏழு நாள் மழையில் கண்ணன் குன்றைக் குடையாகப் பிடித்தான் என்பதைக் குழந்தையும் அறியும். ஆயின் அதற்கு முன் நடந்ததை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். இந்திரனுக்குப் பூஜை செய்யப் புறப்பட்ட நந்தகோபரிடம் அச்சிறுபிள்ளை என்ன சொன்னான்? நாம் காட்டிலும் மலையிலும் வாழ்பவர்கள். நம் பசுக்களுக்குப் புல்லும் நீரும் தருவது இம்மலை. இதனையே வழிபடுங்கள் என்றான். ஆயர்கள் மலைக்கு அன்னம் படைத்தார்கள். பசுக்களை அலங்கரித்து முன்னே விட்டு அதனை வலம் வந்தார்கள். அதன் பின்னரே மழை வந்தது. முதலில் மலையைப் பேணினார்கள். பிறகு மலை அவர்களைக் காத்தது. இந்த முறையை நாம் தலைகீழாக்கி, மலையை வெட்டிவிட்டு அது காக்கவில்லையே என்று வருந்துகிறோம்.

மற்றொன்றும் உண்டு. மழை ஓய்ந்தபின் கண்ணன் அக்குன்றை முன் இருந்த இடத்திலேயே வைத்தான் என்று ஸ்ரீ பாகவதம் கூறுகிறது. ஏழு நாள் விரலில் ஏந்தியவனுக்கு அதை வேறோரிடத்தில் வைப்பது அரிதோ? ஆயினும் வைக்கவில்லை. எடுத்ததை இருந்தபடியே திருப்பி வைத்தான். ஸர்வசக்தனே இவ்வளவு கவனமாக இருந்தானென்றால், ஒரு கைப்பிடி மண்ணையும் உண்டாக்க இயலாத நமக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

சிலர் கேட்பர்: "சுவாமி, நாம் சரணாகதர்கள் ஆயிற்றே. அவனே ரக்ஷகன் என்று இருப்பவர்களுக்குக் கால்வாயும் கரையும் எதற்கு?" நல்ல கேள்வி. நம் பெரியோர் சரணாகதியை விளக்க இரண்டு திருஷ்டாந்தங்கள் சொன்னார்கள். குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியைத் தாயே வாயால் கவ்விச் செல்லும். எது உயர்ந்தது என்ற வாதத்திற்கு அடியேன் இங்கு வரவில்லை. பூனைக்குட்டியாகவே இருப்போம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய் கவ்விச் செல்லும்போது எந்தக் குட்டியாவது தாயின் வாயைக் கடிப்பதுண்டா? எம்பெருமான் நம்மைக் காக்கும் வாய் எது? இந்த மலை, இந்தக் காடு, இந்தக் குளம், இந்தக் காற்று. அவற்றைக் கடித்துக் குதறிவிட்டு, நான் ஒன்றும் செய்யாத சரணாகதன் என்று சொல்லிக்கொள்வது பொய்.

மதுராந்தகத்து ஏரி காத்த ராமரை நீங்கள் ஸேவித்திருப்பீர்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்பகுதியில் கலெக்டராக இருந்தவர் லயனல் ப்ளேஸ் என்ற ஆங்கிலேயர். மதுராந்தகம் ஏரியின் கரை மழைதோறும் உடைந்துகொண்டிருந்தது. அதனைச் செப்பனிட்டார். மீண்டும் பெருமழை வந்தது. கரை நிற்குமோ நில்லாதோ என்று இரவில் மழையில் நனைந்தபடி தாமே பார்க்கச் சென்றார். அங்கே வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நிற்கக் கண்டார். பிறகு தாயார் ஸந்நிதித் திருப்பணியைச் செய்து கொடுத்தார் என்பது அத்தலத்து ஐதிஹ்யம். இதைச் சொல்லும்போது ராமன் வந்த அதிசயத்தை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறோம். ராமன் எந்தக் கரையைக் காக்க வந்தான்? மனிதர் மண் சுமந்து உயர்த்திய கரையை. எந்த இரவில் வந்தான்? பொறுப்புள்ள ஓர் அதிகாரி உறங்காமல் மழையில் நின்ற இரவில். கரையே இல்லாத ஏரிக்கு ராமன் எதைக் காப்பான்?

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள் இருக்கின்றன. குடவோலை முறையைப் பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அதில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். மற்றொன்று தோட்ட வாரியம். ஏரியையும் மரத்தையும் காப்பதற்கு ஆள் நியமித்து, அந்த நியமத்தைப் பெருமாள் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள் என்றால், அதனைக் கோயில் காரியமாகவே கருதினார்கள் என்பது விளங்கவில்லையா?

மழை என்றதும் திருக்கோவலூர் நினைவு வராத வைஷ்ணவன் இல்லை. நம் ஊரிலிருந்து 35 கிலோமீட்டர் அளவில், தென்பெண்ணைக் கரையில் இருக்கும் திவ்யதேசம். மழையும் இருளும் சூழ்ந்த ஓரிரவில் பொய்கையாழ்வார் ஓர் இடைகழியில் ஒதுங்கினார். ஒருவர் படுக்கலாம் என்ற இடம், பூதத்தாழ்வார் வந்ததும் இருவர் இருக்கும் இடமாயிற்று. பேயாழ்வாரும் வந்ததும் மூவர் நிற்கும் இடமாயிற்று. பிறகு நான்காவதாக எம்பெருமானே புகுந்து நெருக்கினான். வந்தவர்க்கெல்லாம் இடம் விட்டதால்தான் அவ்விடைகழியில் பகவானுக்கும் இடம் கிடைத்தது.

அதே திருக்கோவலூர்ப் பக்கம் 2024 டிசம்பரில் என்ன நடந்தது? சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி என்னும் அளவுக்குத் தண்ணீர் வெளியேற, தென்பெண்ணை கரைபுரண்டு ஊர்களிலும் வயல்களிலும் புகுந்தது. மழைநீரும் ஒரு விருந்தாளிதான். அதற்கென்று ஓடையும் கால்வாயும் குளமும் ஏரியும் முன்னோர் விட்டு வைத்தார்கள். நாம் ஓடையில் வீடு கட்டினோம். குளத்தில் குப்பை கொட்டினோம். ஆற்றின் மணலை அள்ளினோம். இடைகழியில் விருந்தாளிக்கு இடம் விடாமல் கதவடைத்தால் அவன் சுவரை இடித்துக்கொண்டு வருகிறான்.

பிறரைச் சொல்லிக் கொண்டிருப்பானேன்? அடியேன் செய்த குறையையும் இந்தப் பவித்ரோத்ஸவத்தில் விண்ணப்பித்துவிடுகிறேன். அடியேன் கைங்கர்யம் செய்யும் சிறிய ஸந்நிதியின் பிராகாரம் முன்பு வெறும் மண்ணும் கருங்கல் பாவிய நடையுமாக இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அன்பர் ஒருவர் பக்தியோடு முன்வந்து, பிராகாரம் முழுவதும் சிமெண்ட் பூசிப் பளபளப்பான ஓடு பதித்துத் தருகிறேன் என்றார். வருபவர்களின் காலில் சேறு படாது என்று அடியேனும் மகிழ்ந்து சம்மதித்தேன். வடகிழக்கு மூலையில் மதிலின் அடியில் இருந்த பழைய தூம்பு, அழகுக்கு இடையூறு என்று அடைக்கப்பட்டது. அடியேன் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

டிசம்பர் 1-ஆம் நாள் இரவு பிராகாரத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மடைப்பள்ளியில் புகுந்து அரிசி நனைந்தது. அடியேனின் பாட்டனார் எழுதி வைத்திருந்த பிரயோக ஏடுகள் இருந்த பெட்டியும் நனைந்தது. அர்த்தமண்டபத்துப் படியைத் தண்ணீர் தொட்டபோது, கைகள் நடுங்க உத்ஸவ மூர்த்தியை எழுந்தருளப்பண்ணி வாகன மண்டபத்து மேடையில் வைத்தேன். எந்த மந்திரமும் நினைவுக்கு வரவில்லை. அடைத்த தூம்புதான் நினைவுக்கு வந்தது. அப்போது தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு எங்கள் ஸந்நிதியின் வயது முதிர்ந்த காவலாளி கடப்பாரையோடு வந்தார். "சாமி, எங்கப்பா தூர் வாருன தூம்பு இங்கதான் இருக்குது. ஓட்டை உடைக்கட்டுங்களா?" என்று கேட்டார். உடைக்கச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் பிராகாரம் வடிந்தது. நாற்பது ஆண்டுகள் ஆகமம் ஓதிய அடியேனுக்குத் தெரியாதிருந்தது, அவருக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் அவருக்கே முதல் தீர்த்தமும் சடாரியும் ஸாதித்தேன். நனைந்த ஏடுகளில் சில இன்றும் ஒட்டியபடியே இருக்கின்றன, பிரித்தால் பொடியாகும்.

கட்டடங்களின் நிலையும் இதுவே. நம் கோபுரங்களில் கீழே கருங்கல். மேலே செங்கலும் சுண்ணாம்பும். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். அதன் மேல் சிமெண்டைப் பூசிவிட்டால் உட்புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி உள்ளிருந்தே அரிக்கிறது. காக்கை எச்சமிட்ட அரச வித்து இடுக்கில் முளைத்து, மழையில் தழைத்து, வேரால் கல்லைப் பிளக்கிறது. காளஹஸ்தியில் 1516-இல் கிருஷ்ணதேவராயர் கட்டிய ராஜகோபுரம், விரிசல்கள் பெருகி, 2010 மே 26-ஆம் நாள் அடியோடு சரிந்தது. நம் திருவண்ணாமலையின் 217 அடி ராஜகோபுரமும் அதே அரசர் தொடங்கியது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். 2023 ஆகஸ்ட் 5-ஆம் நாள் திருவரங்கத்தில் கிழக்குக் கோபுரத்தின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. விடியுமுன் நிகழ்ந்தமையால் உயிர்ச்சேதம் இல்லை. 2021 நவம்பர் மழையில் திருமலைக்கு ஏறும் ஸ்ரீவாரி மெட்டுப் படிவழி சிதைந்தது. டிசம்பர் 1-ஆம் நாள் மலைப்பாதையில் பெரும் பாறைகள் உருண்டன. எவ்வளவு பெரிய திவ்யதேசமாயினும் மழைக்கும் மண்ணுக்கும் உள்ள நியமம் ஒன்றே.

ஆனால் காக்க முடியாது என்று சோர்வதற்கும் இடமில்லை. பூதத்தாழ்வார் அவதரித்த கடல்மல்லையில், அலைவாய்க் கோயிலைச் சுற்றிக் கற்களைக் கொட்டி அரண் அமைத்தார்கள். சவுக்கு மரங்களை நட்டு உப்புக்காற்றைத் தடுத்தார்கள். காகிதக் கூழைக் கல்லின் மேல் அப்பி, ஊறிய உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோதும் அக்கோயில் நின்றது. நம் மலையிலும் கடந்த நாற்பது ஆண்டுகளாகப் பற்பல அன்பர்கள் கன்று நட்டும், கோடையில் தீத்தடுப்புப் பாதை வெட்டியும் உழைத்து வருகிறார்கள். மொட்டைப் பாறையாக இருந்த சரிவுகள் சில இன்று பசுமையாகத் தெரிவது அவர்களுடைய கைங்கர்யம். அவர்களில் பலர் எந்த ஸம்பிரதாயத்தைச் சேர்ந்தவர்கள் என்று அடியேன் கேட்டதில்லை. மரம் நட்டவர் எவராயினும் அவர் பாகவதரே.

யாத்ரீகர்களான உங்களிடம் சில விண்ணப்பங்கள் உண்டு.

முதலாவது, மலை ஏற வேண்டாம் என்று சொல்லப்பட்டால் ஏறாதீர்கள். 2024 டிசம்பர் 13-ஆம் நாள் மகாதீபத்தன்று, வல்லுநர்கள் மலையை ஆராய்ந்து சொன்னபடி, தீபத்திற்கு வேண்டிய பணியாளர்கள் தவிர மற்ற பக்தர்களுக்கு மலையேற அனுமதி தரப்படவில்லை. பலர் மனம் வருந்தினர். சிலர் பக்தியைத் தடுக்கிறார்கள் என்றும் பேசினர். எம்பெருமானார் ராமாநுஜர் திருமலைக்கு எழுந்தருளியபோது, மலை முழுவதும் பகவத் ஸ்வரூபமாயிற்றே, இதில் எவ்வாறு கால் வைப்பேன் என்று தயங்கினார் என்றும், பின்பு முழங்காலால் தவழ்ந்து ஏறினார் என்றும் பெரியோர் சொல்வர். ஏறத் துடிப்பது பக்தியென்றால், கால் வைக்கத் தயங்குவதும் பக்தியே. ஊறிய மண்ணை ஆயிரம் கால்கள் மிதித்தால் கீழே உறங்கும் ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்து கீழேயே நின்று ஸேவிப்பவனை எம்பெருமான் மேலே வந்தவனாகவே திருவுள்ளம் பற்றுவான்.

இரண்டாவது, கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதில் நீங்கள் எறியும் ஒரு பிளாஸ்டிக் பை மலையிலிருந்து இறங்கும் நீரின் வாயை அடைக்கிறது. சிம்ம தீர்த்தமும், ஆசிரமத்தின் மேற்கேயுள்ள பாலி தீர்த்தமும் மலை தரும் நீரை ஏந்தும் கைகள். ஏந்திய கையில் குப்பையைப் போடுவது எந்தத் தர்மத்தில் உள்ளது? மலைச்சரிவில் கற்பூரம் ஏற்றுவதும், புகைத்து எறிவதும் அறவே வேண்டாம்.

மூன்றாவது, திருப்பணிக்குக் கொடுக்கும்போது, பளபளப்பாகத் தெரிவதற்கு மட்டும் கொடுக்காதீர்கள். பொற்கவசம் சாத்துவது பெருமை. ஆவணி மாதத்திலேயே தூம்பு தூர் வாருவதும், தளத்து விரிசலைச் சுண்ணாம்பால் அடைப்பதும், விமானத்தில் முளைத்த செடியைத் தெரிந்தவரைக் கொண்டு வேரறுப்பதும் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. பெயர் வெட்டிய கல்லும் அதற்குக் கிடையாது. பெருமாள் ஒருவர்தாம் அறிவார். அதைவிட வேறென்ன வேண்டும்? உங்கள் ஊர்க் கோயிலில் பழைய தூம்பு எங்கே, ஓடை எங்கே என்று அறிந்த முதியவர் எவரேனும் இருந்தால், இப்போதே சென்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பின் அது கிடைக்காது.

பவித்ரம் சாத்தும்போது நாங்கள் விண்ணப்பிக்கும் பொருள் இதுவே: குறைவாகச் செய்ததை நிறைவாகக் கொள்ள வேண்டும் என்பது. அதற்கு உட்பொருள் ஒன்றுண்டு. குறை என்று அறிந்தபின் அதையே மறுபடி செய்ய மாட்டோம் என்ற உறுதி இல்லாவிட்டால், க்ஷமை கேட்பது வாயளவிலேயே நிற்கும். எங்கள் ஸந்நிதியின் வடகிழக்கு மூலையில் தூம்பு இப்போது திறந்திருக்கிறது. ஓட்டை எடுத்துவிட்டு மண்ணாகவே விட்டிருக்கிறோம். மழை நாளில் வந்தால் உங்கள் திருவடிகளில் சிறிது சேறு படலாம். அடியேனை மன்னித்து, அந்தச் சேற்றோடே பெருமாளை ஸேவித்துச் செல்லுங்கள்.

மலை சரிந்து மாண்ட அவ்வேழு பேருக்கும் எம்பெருமான் தன் திருவடி நிழலை அருள்வானாக. இனி ஒரு மழைக்காலத்தில் ஒரு வீடும் அவ்வாறு இருளாமல் இருக்க, நமக்கு நல்ல புத்தியை அருள்வானாக.

ஸர்வம் ஸ்ரீ க்ருஷ்ணார்ப்பணமஸ்து.

சுபம்.